முகத்தைவிடப் பல் சொன்னது அதிகம்

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் பார்வையாளர் மையத்துக்கு வருபவர்கள் கற்தூண்களைப் பார்க்கும் அவசரத்தில் கண்காட்சிக் கூடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். சற்று நின்றால், தாடி வைத்த ஒரு மனிதர் எதிரே இருந்து நம்மைப் பார்க்கிறார். அருகிலேயே, கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய எலும்புக்கூடு.

புதிய கற்கால மனிதர். இறந்து ஏறத்தாழ 5,500 ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டோன்ஹெஞ்சில் முதல் வட்ட அகழி வெட்டப்படுவதற்குச் சுமார் 500 ஆண்டுகள் முந்தியவர். பக்கத்தில் உள்ள வின்டர்போர்ன் ஸ்டோக்கின் நீண்ட புதைமேட்டில் இருந்தவரை 1863இல் தோண்டியெடுத்தார்கள். ஒருவரை அடக்கம் செய்ய அத்தனை மண்ணைக் குவித்திருக்கிறார்கள் என்றால், அவர் சாமானியராக இருந்திருக்க முடியாது.

முகத்தைச் செய்தவர் ஸ்வீடன் சிற்பி ஆஸ்கர் நில்சன். மண்டையோட்டின் நகலெடுத்து, அதன்மேல் தசைகளை ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில் தோலைப் போர்த்தியிருக்கிறார். தாடை, நெற்றி, கன்னமேடு எல்லாம் எலும்பு காட்டிய வழி. கண்ணின் நிறமும் தாடியும் கலைஞரின் ஊகம். எல்லோரும் படமெடுப்பது இந்த முகத்தைத்தான்.

என்னை அங்கேயே நிறுத்தியது அவருடைய பல். பாறையில் இருக்கும் ஸ்ட்ரான்சியம் மண்ணுக்கும் பயிருக்கும் போய், சாப்பாட்டின் வழியே குழந்தையின் உடலில் சேர்கிறது. பல்லின் எனாமல் சிறுவயதில் ஒருமுறை உருவானால் அதன்பின் மாறுவதில்லை. ஒவ்வொரு பல்லும் வெவ்வேறு வயதில் உருவாவதால், எந்த வயதில் எந்த மண்ணின் விளைச்சலைத் தின்றார் என்று வரிசையாகப் பார்க்க முடிகிறது. ஸ்டோன்ஹெஞ்ச் வட்டாரத்தின் சுண்ணாம்பு நிலத்துக்கு ஓர் அளவு, வேல்ஸின் பழம்பாறைகளுக்கு வேறோர் அளவு.

அப்படிக் கணித்ததில், அவர் பிறந்தது பெரும்பாலும் வேல்ஸில். இரண்டு வயதில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். ஒன்பது வயதில் திரும்பிப் போயிருக்கிறார். பதின்வயதில் மறுபடி போக்குவரத்து. பிரிட்டனுக்குச் சக்கரம் வராத காலம். ஒரு சிறுவன் அவ்வளவு தூரத்தையும் நடந்தோ, படகிலோ, யார் தோளிலாவது உட்கார்ந்தோதான் கடந்திருக்க வேண்டும். இதைக் காட்டும் பலகையை முகத்துக்கு இணையான உயரத்தில் வைக்க வேண்டும் என்பேன்.

வெளியே வட்டத்தில் நிற்கும் சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் ப்ரெசெலி குன்றுகளிலிருந்து வந்தவை. அவருக்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் அந்தக் கற்கள் இங்கே நடப்படுவதற்குப் பல தலைமுறை முன்பே வேல்ஸுக்கும் இந்தச் சமவெளிக்கும் இடையே குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்வந்திருக்கின்றன என்பதை ஒரே ஒருவரின் பல் காட்டுகிறது.