ஹர்டாங்கர்விடா பனிவெளியில் பட்டம்

நார்வே தேசத்தில் ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்குச் செல்லும் இரயில் ஹெளகஸ்தோல் என்னும் சிறு நிலையத்தில் நிற்கிறது. அதன் தெற்கே பரந்து கிடப்பது ஹர்டாங்கர்விடா மேட்டுநிலம். 1896-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரோல்ட் ஆமுண்ட்சென் தம் சகோதரரோடு இங்கே பனிப்புயலில் சிக்கி, மரணத்தின் விளிம்பைக் கண்டு மீண்டார்.

இன்று இவ்வெளியில் மனிதர் சறுக்குக்கட்டைகள் அணிந்து, இடுப்புக் கச்சையில் பிணைத்த பட்டத்தால் இழுக்கப்பட்டு விரைகின்றனர். நம் பிள்ளைகள் மொட்டைமாடியில் விடும் பட்டமன்று. சிறு அறையின் தரையளவு அகன்றது. காற்றடைத்த குழாய்களையுடைய பட்டம் நீரில் மிதப்பதால் கடலுக்கு ஏற்றது. பனிவெளிக்கோ, வீசும் காற்றையே உட்கொண்டு விரியும் துணியறைப் பட்டமே மேல் என்பேன். பம்பு வேண்டாம், முதுகுப்பையில் அடங்கும்.

அளவில்தான் ஆபத்து இருக்கிறது. பனியில் உராய்வு குறைவு. ஆகையால் கடலில் வேண்டியதிலும் சிறிய பட்டம் போதும். காற்றின் வேகம் இருமடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகிறது. காலையின் இளங்காற்றை நம்பிப் பெரிய பட்டத்தை விரித்தவரை, நண்பகல் காற்று தரையினின்று தூக்கி எறியக்கூடும். அன்று வீசக்கூடிய மிகுந்த காற்றைக் கணக்கிட்டே அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெண்ணிறம் வேண்டவே வேண்டாம். இழுவிசையை நொடியில் விடுவிக்கும் பிடியையும், தடித்த கையுறை அணிந்தபடியே இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.