மெத்தைக்குப் பணம் போடும்முன்

முதுகுவலிக்காரர்கள் பலகைபோல் கெட்டியான மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிக் கிடக்கிறது. 'ஆர்த்தோ' என்று அச்சிட்டாலே நாம் கூடுதல் விலை கொடுக்கத் தயாராகிவிடுவதும் அதனால்தான். ஆனால் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரிடம் நடத்தி, 2003இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே 90 நாளில் வலி நன்றாகக் குறைந்திருந்தது.

ஆகவே நடுத்தரக் கெட்டியே போதும். கையில் பணம் குறைவென்றால் உயரத்துக்கும் பளபளப்பான மேலுறைக்கும் கொடுக்காதீர்கள், அடர்த்திக்குக் கொடுங்கள். நுரை மெத்தையில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. (அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு, கடைக்காரர்கள் இரண்டையும் குழப்புவதுண்டு.) அடர்த்தி குறைந்த எட்டு அங்குல மெத்தை இடுப்புப் பக்கம் சீக்கிரம் குழி விழும். 40 கிலோ அடர்த்தியில் ஐந்து அங்குலம் அதைவிட நெடுநாள் உழைக்கும்.

இன்னும் மலிவாக வேண்டுமா? போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு இருக்கிறதே. அது கட்டிக்கட்டியாகத் திரண்டுவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பிரித்து, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். குழி விழுந்த நுரையை அப்படி மீட்க முடியாது. மொட்டைமாடி வெயில் கிடைக்காத அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.