எத்தனை மாதங்கள்?

ஓராண்டு முதுமாணிப் படிப்பிற்காக இலண்டன் சென்ற யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன், சிறு வாடகை வீடொன்றிற் குடியேறியதும் இணைய இணைப்பைத் தேடலானான். ஊரிலே தாய் அவன் முகங்காணக் காத்திருந்தாள்.

நிறுவனங்கள் யாவும் வேகத்தையே விதந்துரைத்தன. ஆயினும், அவற்றுட் பல ஓப்பின்றீச் என்னும் ஒரே வலையமைப்பின் வழிகளையே பெற்று விற்பன. வழி ஒன்றாயின் வேறுபாடு எங்குளது? பெரிதும் ஒப்பந்தத்திலேதான். மலிவான விலைகள் பெரும்பாலும் 18 அல்லது 24 மாதங்களுக்கு உரியன. இடையில் விலகுவோர் கட்டணம் செலுத்துதல் வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் ஏறக்கூடிய விலையைப் பவுண், பென்ஸ் கணக்கில் முன்னரே கூறவேண்டுமென்பது, 2025 சனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்கு ஒவ்கொம் விதித்த விதியாகும். ஆனால், வந்தவன் எத்தனை காலம் தங்குவான் என்பதை எவ்விதியும் கூறாது. அவ்வினாவிற்கு அவனே விடையிறுத்தல் வேண்டும்.

24 மாத ஒப்பந்தத்தில் ஒப்பமிட அவன் கை எழவில்லை. மாதந்தோறும் நீட்டக்கூடிய, சற்றே விலை கூடிய இணைப்பையே தெரிந்தெடுத்தான். அதனைத் தாயிடம் கூறியபோது, விலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப, படிப்பு முடிய வந்திடுவாய்” என்றாள்.

அவன் மறுமொழி கூறவில்லை. அம்மேலதிக விலைக்கு அவன் பெற்றது வேகமன்று. முடிவைச் சிறிது காலம் தள்ளிவைக்கும் உரிமையே.