வேண்டியது உயரமல்ல, தரை



உங்கள் வீட்டு ஹாலில் யாருடைய காலும் படாத தரை எத்தனை சதுர அடி இருக்கிறது என்று என்றாவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? ஷோகேஸுக்கு அடியில், செட்டிக்குப் பின்னால், தையல் மெஷின் மேசைக்குக் கீழே... பல்லேகலயில் எங்கள் வீடு சிறியது. ஒரு ஹால், இரண்டு அறை, ஒரு குசினி, ஐந்து பேர். 'இடமில்லை' என்பது எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் வார்த்தை. இரண்டு கினிப் பன்றிகளால் அந்த வார்த்தையைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது.

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். என் மாமியும் முதல் நாள், "பண்டி எண்டு பேருள்ளதயா ஊட்டுக்குள்ள வெச்சிக்கப் போற?" என்றுதான் கேட்டார். பன்றி என்பது பெயரில் மட்டும்தான். இது எலி, அணில் போலக் கொறிக்கும் பிராணி. இதன் சொந்த நாடு தென் அமெரிக்கா. பெரு, பொலிவியா மலைநாட்டு மக்கள் பல ஆயிரம் வருடங்களாக இதை வீட்டில் வளர்த்து வருகிறார்கள். அங்கே இதன் பெயர் 'குய்'. இது போடும் சத்தமும் அப்படித்தான். அந்த ஏழைக் குடிசைகளில் இதற்குத் தனிக் கூடு வைப்பது வழக்கமில்லை. அடுப்படித் தரையெல்லாம் இதன் ராஜ்யம். கடைசியில் கறியாக்கிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் உயிரோடு இருக்கும் வரை ஓட இடம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இவை வந்தது என் தம்பியால். கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது கூட்டோடு கொண்டுவந்து மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். கூடு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். உயரம் மட்டும் தாராளம். அடியில் கம்பி வலை. கிளிக்குச் செய்ததாக இருக்க வேண்டும். சில மாதங்களில் ஒன்று மற்றதின் முடியைக் கடித்துப் பிய்க்கத் தொடங்கியது. பாதங்களும் சிவந்துவிட்டன. "யாருக்காவது கொடுத்துவிடுவோம்" என்றார் என் கணவர். பக்கத்து வீட்டார், "மகாவலிக் கரையில் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்" என்றார்கள். பிழைக்காது, சகோதரிகளே. தலைமுறை தலைமுறையாக மனிதன் கையில் தின்று வளர்ந்த பிராணி இது. கீரியோ சாரைப்பாம்போ முதல் இரவே முடித்துவிடும். மகள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவுதான்.

மிருக வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். வலையின் மேலேயே நின்று நின்றுதான் பாதம் புண்ணாகிறது என்றார். சண்டைக்கு மருந்து எழுதவில்லை, இடத்தைக் கேட்டார். இந்தப் பிராணி மரம் ஏறாது, பூனை போலத் தாவாது. தரையில் ஓடும், ஒளியும், அவ்வளவுதான். கூடு ஏழடி உயரம் இருந்தாலும் அதற்குப் பிரயோசனமில்லை. இரண்டுக்கும் பிணக்கு வந்தால் ஒன்று விலகிப் போக இடம் வேண்டும். இரண்டு பிராணிகளுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி தரை என்பது அமெரிக்காவில் பலரும் சொல்லும் கணக்கு. நாம் தொழுகைக்கு விரிக்கும் முஸல்லா ஏறக்குறைய அவ்வளவு வரும். அளவு விளங்குவதற்காகச் சொல்கிறேன். எங்கள் கூட்டில் இருந்ததோ மூன்றே சதுர அடி. அப்படியானால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் சரிவராது. கூட்டமாக வாழும் பிராணி இது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைத் தனியாக வளர்ப்பதற்கே சட்டம் இடங்கொடுப்பதில்லை.

இனி தரைக்கு எங்கே போவது? ஹாலில் நல்ல சுவரோரம் முழுவதும் ஷோகேஸ். அதற்குள் மாமியின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட். இரண்டு பெருநாளைக்கு வெளியே வரும், துடைத்தபின் உள்ளே போகும். கிட்டத்தட்ட நாற்பது வருடமாக அவருடைய கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருள். அதைப்பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் பின்னேரம் அவராகவே தட்டுகளை ஒவ்வொன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். "வார மனிசருக்குக் காட்டத்தானே இது நிக்கிது. புள்ளைட முகத்தப் பாக்கேலா" என்றார். பீங்கான் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே போனது. ஷோகேஸ் நாத்தனார் வீட்டுக்குப் போனது.

அந்த இடத்தில் நாலடிக்கு இரண்டரை அடி, பத்துச் சதுர அடி, கணவர் அடைத்துக் கொடுத்தார். ஒன்றரை அடி உயரத்தில் பலகையும் சிறுகண் வலையும். தரையில் ரெக்ஸின், அதன்மேல் பழைய பருத்தித் துணி. ஒரு பாதிக்கு மேல் என் தையல் மெஷின் மேசை நிற்கிறது. கீழே அவற்றுக்கு ஒளிய நிழலும் ஆயிற்று, எனக்கும் மேசை போகவில்லை. இரவில் பூனைக்கும் எலிக்கும் பயந்து மேலேயும் வலை போடுகிறோம்.

தொழும் வீட்டில் சுத்தம் என்னாவது என்று கேட்பீர்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் இவற்றின் சிறுநீரும் எச்சமும் நஜீஸ்தான். அதனால் அடைப்பை விட்டு வெளியே விடுவதில்லை, தொழுகைக்கு அறை. அனுபவத்தில் கண்டது, சிறிய கூட்டில்தான் நாற்றமும் அதிகம். இடம் இருந்தால் அவை பெரும்பாலும் ஒரு மூலையிலேயே போகின்றன. அந்த மூலைத் துணியைத் தினமும் மாற்றினால் போதும்.

தீனிக்குச் செலவு குறைவு. கண்டிப் பக்கம் மேட்டிலெல்லாம் வளரும் கினிப் புல்லே பிரதான உணவு. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல் மென்றுதான் தேய வேண்டும். மஹியங்கனை வீதியோரப் புல் வேண்டாம், வாகனப் புகை படிந்தது. நம்மைப் போலவே இதன் உடம்பும் விட்டமின் சீயைத் தானே உண்டாக்காது. தினம் ஒரு துண்டு கறிமிளகாய் அல்லது கொய்யா கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஆணும் பெண்ணுமாக வாங்கிவிடாதீர்கள். இரண்டு மாதம் கொஞ்சத்தில் குட்டிகள் கண் திறந்தபடியே பிறக்கும். ஆண் குட்டியை மூன்றாவது வாரமே பிரிக்க வேண்டும். அப்புறம் எத்தனை ஷோகேஸைத் தூக்கினாலும் இடம் காணாது. எங்களுடையவை இரண்டும் பெண், அல்ஹம்து லில்லாஹ். அடைப்பு மாறி சில வாரங்களில் பாதம் ஆறியது, முடியும் முளைத்தது. பிணக்கு இப்போதும் உண்டு. ஒன்று மேசைக்கடியில் போய்விடும், சண்டை அத்தோடு சரி.

பல்லேகல மைதானத்தில் இரவு மேட்ச் நடந்தால் வாண வேடிக்கைச் சத்தம் எங்கள் ஜன்னலை அதிரவைக்கும். இரண்டும் மூலையில் ஒடுங்கிவிடும். அன்றைக்கு அடைப்பின் மேல் பழைய சேலை ஒன்றை மடித்துப் போட்டு மூடிவிட்டுத்தான் மாமி படுக்கப் போவார்.