இரண்டு சுற்று இறகு

ட்ரவுட் என்ற மீனைக் கல்முனைச் சந்தையில் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கீரி, சூடை, பாரை, சூரை என்று கூறுபோட்டு வாங்கும் நமக்கு அது புத்தகத்து மீன். ஆனால் இலங்கையில் அது இல்லாமலும் இல்லை. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் அதை முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளுக்குக் கொடுத்தார்கள். ரெயின்போ ட்ரவுட் என்ற இனம் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த தண்ணீரில் இன்றைக்கும் குஞ்சு பொரித்து வாழ்கிறது. அந்த மீனை ஒருநாளும் காணாமலே, அதைப் பிடிக்கிற தூண்டில்களை ஆயிரக்கணக்கில் கட்டியவள் நான்.

இதில் நான் மட்டும் இல்லை. வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் 'ஃப்ளை' எனும் பொய் ஈக்களில் எவ்வளவோ இலங்கை, கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் கட்டப்படுபவை. எல்லாம் கைவேலை. நூலும் சாயமும் கைக்கெட்டாத விலைக்குப் போன 2022இல், மருதமுனையில் எங்கட உம்மாட தறி நின்றது. அடுத்த வருஷம் கொழும்புப் பக்கம் ஒரு ஃபெக்டரியில் சேர்ந்தேன். கூலி டசின் கணக்கில்.

எனக்குத் தந்தது ஆகச் சின்ன வேலை. பார்வைக்குச் சின்னது, அவ்வளவுதான். ஒரு சென்டிமீற்றர் அளவு தூண்டிலை வைஸில் கவ்வ வைக்க வேண்டும். செம்மஞ்சள் பட்டு நூலை இடைவெளி விடாமல் சுற்றி உடம்பு செய்ய வேண்டும். பிறகு கவுதாரியின் புள்ளி போட்ட இறகு ஒன்றை நுனியில் பிடித்து, கழுத்தில் இரண்டே இரண்டு சுற்று. முடிச்சு. இதன் பெயர் 'பாட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்'. எங்களுக்கு அந்தப் பெயரையும் சொல்லவில்லை. ஒரு நம்பர்தான்.

மூன்றாவது சுற்று போட்டால் சூப்பர்வைசர் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதற்குக் காசில்லை. எனக்கு அது விளங்கவே இல்லை. இறகு நிறைய இருந்தால் வடிவுதானே? இரண்டு சுற்றில் அது மழையில் நனைந்த கோழிக்குஞ்சு போல இருக்கும். ஏன் என்று கேட்டால், "சாம்பிள் அப்படித்தான்" என்பார்கள்.

ஏன் என்பதை போர்டிங்கில் படுத்துக்கொண்டு யூடியூப்பில்தான் படித்தேன். நாங்கள் கட்டுவது மேஃப்ளை என்ற பூச்சியின் நகல். ஈசல் என்று நினைத்துவிடாதீர்கள். ஈசல் மண்ணிலிருந்து வரும் கறையான். மேஃப்ளை ஓடைக் கல்லுக்கு அடியில் மாதக் கணக்கில், சில இனங்கள் ஒரு வருஷமும் அதற்கு மேலும், புழுப் பருவத்தில் கிடக்கும். ஒருநாள் மேலே நீந்தி வந்து, தண்ணீரின் முகப்பில் தோலை உரித்துச் சிறகை இழுத்து எடுக்கும். வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்கிற வாய் கிடையாது. தின்னாமலே ஒரு நாளோ இரண்டு நாளோ பறந்து, சோடி சேர்ந்து, முட்டை இட்டுச் செத்துவிடும். தோலை உரிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அதனால் ஓடவும் முடியாது, பறக்கவும் முடியாது. ட்ரவுட் காத்திருப்பது அதற்குத்தான்.

அன்று ராவு ஒரு ஃப்ளையைக் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நூலில் கட்டி மெதுவாக இழுத்தால் இறகு உடம்போடு ஒட்டுகிறது, விட்டால் விரிகிறது. ஒட்டுகிறது, விரிகிறது. மூச்சு விடுகிற மாதிரி. மூன்று, நாலு சுற்றுப் போட்டதையும் போட்டேன். அது தும்புத்தடி மாதிரி விறைத்து நின்றது. மீனை ஏமாற்றுவது உருவம் இல்லை, அசைவு. இறகு கூடினால் அசைவு செத்துப்போகிறது.

இது பழைய அறிவு. 1496இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலிலேயே கவுதாரி இறகால் ஈ கட்டச் சொல்லியிருக்கிறது. ஸ்கொட்லாந்தின் ஸ்டூவர்ட் 1857இல் எழுதினார். யோர்க்‌ஷயரின் ப்ரிட் 1885இல் தன் ஊர் ஃப்ளைகளைப் படத்தோடு தொகுத்தார். அங்கே ஓடைகள் வேகமானவை. நின்று பார்க்க மீனுக்கு நேரமில்லை. உயிருள்ளது போலத் தெரிந்தால் போதும்.

விளங்கிய பிறகு எனக்கு ஒதுக்கல் வரவே இல்லை. பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கும் கிளாஸில் போட்டுக் காட்டினேன், அவளுக்கும் நின்றது. ஐந்து நிமிஷ விஷயம். அதைச் சொல்லித்தர அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கூலி குறைவு என்பதை விட எனக்கு இதுதான் உறைத்தது. எங்கட விரலுக்குத்தான் அங்கே கணக்கு இருந்தது. உம்மா நெய்த சாரன் யார் இடுப்புக்குப் போகிறது, கலியாணத்துக்கா பெருநாளைக்கா என்று உம்மாவுக்குத் தெரியும். அதைப் பொறுத்து நிறம் மாறும், கரை மாறும்.

ஊருக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். ட்ரவுட்டைப் பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறவர்களும் உண்டு என்றதும் உம்மாவுக்குச் சிரிப்பு. "தின்னாத மீன என்னத்துக்கு மகள் புடிக்கிற?" பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தா. "நூல்ல முறுக்கு கூடிட்டு. முறுக்க அவுத்துட்டுச் சுத்து, தட்டையாப் படுக்கும்." சுற்றிப் பார்த்தேன். உடம்பு பாதியாக மெலிந்து, வழுவழுவென்று வந்தது. ஃபெக்டரியில் ஒருத்தரும் சொல்லாததை, ஃப்ளையை முதன்முதலாகக் கண்ட என் உம்மா சொன்னா.

இப்போது வீட்டிலிருந்தே கட்டுகிறேன். லண்டனில் இருக்கிற மச்சானின் கூட்டாளி எட்டு டசின் கேட்டிருக்கிறார். தம்பி ஒன்றைக் கிட்டங்கிக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தான்; விரல் நீளக் கெண்டை ஒன்று கடித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் பின்னேரம் பழக வருகிறார்கள். முதல் நாள் அவர்களுக்கு நூலும் இல்லை, வைஸும் இல்லை. ஆளுக்கொரு பேட்டுக்கோழி இறகும் ஒரு கிளாஸ் தண்ணீரும்தான்.