ரயிலுக்குத் தலை குனிந்த குதிரை

எங்க பக்கம் மோட்டாருக்கு மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரியிலதான் வரும். போன வாரம் வாழைக்குத் தண்ணி கட்டிட்டு, மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்து போனை நோண்டிக்கிட்டிருந்தப்ப ஒரு படம் கண்ணுல பட்டுச்சு. கறுப்பு வெள்ளை. சின்ன ஸ்டேஷன், உள்ளே வர்ற நீராவி ரயில். பாரம் இழுக்கப் பூட்டின குதிரை ஒண்ணு ரயிலைக் கும்பிடற மாதிரி தலையைக் குனிஞ்சு நிக்குது.

அமெரிக்காவுல, வர்ஜீனியாவின் கிரீன் கோவ் ஸ்டேஷன்ல 1956-ல் எடுத்த படம். குதிரை பேரு மாட். எடுத்தவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். 1914-ல் புரூக்ளின்ல பிறந்து, சிவில் இன்ஜினியரிங் படிச்சு, கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுத்துப் பிழைச்ச மனுஷன்.

மற்ற பெரிய ரயில் கம்பெனிகள் டீசலுக்குப் போயிட்டிருந்த நேரம், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் மட்டும் நீராவியை விடல. நிலக்கரி ஏத்தற கம்பெனி, அது எப்படி விடும்! அதுவும் நாள் எண்ணிக்கிட்டுதான் இருந்துச்சு. 1955-ல் ஆரம்பிச்சு அஞ்சு வருஷம், சொந்தக் காசைப் போட்டு லிங்க் அந்தப் பாதையோரமே சுத்தினார். 1960-ல் கடைசி நீராவி எஞ்சினும் நின்னுபோச்சு.

பெரும்பாலும் ராத்திரியிலதான் எடுத்தார். சூரியனை நம்ம இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் முடியாது. இருட்டுல வெளிச்சம் நம்ம கையில. பல்புகளை வயர்ல கோத்து, ரயில் கடக்கிற அந்த நொடியில மொத்தமா எரிய வைப்பார். ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். வயர்ல ஒரு இடம் விட்டுப்போனாலும் அன்னிக்குப் பிழைப்பு போச்சு. ராத்திரி ஸ்டார்ட்டரோட மல்லுக்கட்டற எனக்கு அந்தப் பதைப்பு புரியுது.

அவர் படத்துல ரயில் தனியா வராது. ஓடையில பிள்ளைங்க குளிக்கும், மேலே பாலத்துல ரயில். வீட்டுக்குள்ள அம்மா உக்காந்திருப்பா, பையன் ஜன்னல் வழியா ரயிலுக்குக் கை காட்டுவான். எல்லாம் நிக்க வெச்சு எடுத்ததுதானேன்னு சிலர் குறை சொல்றாங்க. ஆமா, திறந்தவெளி சினிமா படத்துல காதலர்கள் உக்காந்திருக்கறது அவரோட சொந்தக் கார்தான். பல்பு வெளிச்சத்துல திரை வெளுத்துப்போக, அதுல தெரியற விமானத்தையும் அப்புறமா சேர்த்தார். இருக்கட்டுமே. அந்த ஊரும் ரயிலும் அந்தச் சனமும் நிஜம்தானே?

1980-களிலதான் உலகம் அவரைக் கவனிச்சுது. 2001 ஜனவரியில போயிட்டார். ரோனோக் ஊர்ல பழைய ரயில் நிலையத்திலேயே அவர் படங்களுக்கு மியூசியம் இருக்கு.

எங்க வயலை ஒட்டியும் மீட்டர்கேஜ் பாதை போச்சு. கரி எஞ்சின் ஊதினா எங்க செவலை மிரளும். அப்பா மூக்கணாங்கயிறைப் பிடிச்சு, ரயில் போற வரைக்கும் அது காதுல ஏதோ பேசிக்கிட்டே நிப்பார். டிராக்டர் வந்ததும் ஜோடியை வித்துட்டோம். வித்தது நான்தான். ஒரு போட்டோ எடுத்து வைக்கணும்னு தோணல.

மறுநாள் வீட்டைக் குடைஞ்சேன். அக்கா கல்யாண ஆல்பத்துல பந்தலுக்குப் பின்னாடி ஒரு கொம்பு மட்டும் தெரியுது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"செவலைதான்டா. நுனி உள்பக்கம் வளைஞ்சிருக்கு பாரு."