ஒரே குவாலியில் ஸ்பகெட்டி

வேலை நாள் எது, விடுமுறை எது என்பதே ஜொகூரில் 11 ஆண்டுகள் சிக்கலாகக் கிடந்தது. 2014 ஜனவரி முதல் 2024 முடியும்வரை மாநிலத்தின் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கோ பெரும்பாலும் சனி, ஞாயிறு. ஒரே வீட்டில் கணவன் ஒரு கணக்கிலும் மனைவி இன்னொரு கணக்கிலும் ஓய்வெடுத்தார்கள். 2025 ஜனவரி 1ஆம் தேதிதான் பழைய சனி, ஞாயிறு திரும்பி வந்தது. இந்து வீடுகளுக்கு இதில் கூடுதலாக ஒரு வம்பு இருந்தது. நிதானமாகச் சமைக்க நேரம் கிடைத்த வெள்ளிக்கிழமையில் கறி, மீன் தொடக் கூடாது. செவ்வாயும் சைவம் என்றால், இறைச்சிக்குச் சனியை விட்டால் மிஞ்சியது வேலை முடிந்து அலுத்து வரும் இரவுகள்தாம்.

கோத்தா திங்கியில் அந்த இரவுகள் நீளமானவை அல்ல. ஜொகூர் பாரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர்களுக்குக் குடிநுழைவு வரிசை வேறு. வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போதே மணி எட்டை நெருங்கிவிடும். அதன் பிறகு சோறு வைத்து, குழம்பு கூட்டி, ஒரு பிரட்டலும் செய்தால் பிள்ளைகள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். மாமாக் கடையில் மீ கோரிங் தாப்பாவ் வாங்குவது ஒரு வழி. மேகி இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் இப்போது ஸ்பகெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது: அரைத்த கோழி, கறித்தூள், கறிவேப்பிலை, எல்லாம் ஒரே குவாலியில்.

இதைப் பார்த்து “வெள்ளைக்காரச் சாப்பாடு” என்று முகம் சுளிக்கும் பாட்டிமார்கள் ஜொகூரில் இருந்தால், அவர்கள் தங்கள் மாநிலத்தின் பேர்பெற்ற உணவை மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். லக்சா ஜொகூர் ஸ்பகெட்டியில்தான் செய்யப்படுகிறது. மற்ற ஊர் லக்சாக்களுக்குப் பெரும்பாலும் அரிசி மீ. இங்கே கோதுமை. ஈக்கான் பாராங் மீனின் சதை, தேங்காய்ப்பால், கறித்தூள், வறுத்து இடித்த தேங்காய் சேர்ந்த கெட்டிக் குழம்பு. மேலே வெள்ளரி, தவ்கே, டாவுன் கெசும், பிழிந்துகொள்ள லீமாவ் கஸ்தூரி. ஜொகூர் சுல்தான் அபூபக்கர் ஐரோப்பா போனபோது ஸ்பகெட்டியில் ஆசை வைத்து, ஊர் திரும்பியதும் லக்சாவில் சேர்க்கச் சொன்னார் என்பது வழிவழிக் கதை. கதைக்கு ஆவணம் கேட்டால் கஷ்டம். ஆனால் அவர் 1866இல் இங்கிலாந்து போனதும், பலமுறை கடல் கடந்து சுற்றியதும், 1895இல் லண்டனிலேயே காலமானதும் வரலாறு. அந்த லக்சாவைக் கரண்டி இல்லாமல் கையால் பிசைந்து சாப்பிடுவதுதான் பழைய முறை.

அரண்மனையையும் ஆசைப்பட்ட உணவையும் சேர்த்துப் பேசினால், கோத்தா திங்கிக்காரர்கள் வேறொரு கதைக்குப் போய்விடுவார்கள். மசக்கையில் இருந்த டாங் அனும் என்ற பெண், அரசரின் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள். அதற்காக அவள் கொல்லப்பட்டாள். கணவன் மெகாட் ஸ்ரீ ராமா பழிதீர்க்க, தோள்களில் சுமக்கப்பட்டுச் சென்ற சுல்தான் மஹ்முட் 1699இல் குத்துப்பட்டு இறந்தார். ஜொகூரில் மலாக்கா வழிவந்த அரச பரம்பரை அதோடு முடிந்தது. சுல்தானின் கல்லறை கம்போங் மாக்காமில் இருக்கிறது. பலாச்சுளை மக்கள் சொன்ன கதை. சுல்தானின் கொலையும் ஆண்டும் வரலாறு.

சரி, குவாலிக்கு வருவோம். லக்சா ஜொகூர் பெருநாள் சமையல். மீனை வேகவைத்து முள் எடுக்க ஒருவர், தேங்காய் இடிக்க ஒருவர், காய் நறுக்க ஒருவர் என்று வீடு நிறைய ஆள் வேண்டும். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அடுப்படியில் நிற்பது ஒரே ஆள். அப்படிப்பட்டவருக்கு உதவுவது சுல்தானின் ஸ்பகெட்டியைவிட நம் சேமியா உப்புமா முறைதான்.

சேமியாவும் கோதுமை மாவை இழையாக்கிக் காயவைத்ததுதானே. தாளித்து, வெங்காயம் வதக்கி, ஒரு கப்புக்கு ஏறக்குறைய இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் சேமியாவைப் போட்டு மூடினால், தண்ணீர் முழுவதும் உள்ளே போய்விடும். வடிகட்டி எதற்கு? கோழிக்கறியோடு சேமியா பிரியாணி செய்கிற வீடுகளுக்கு ‘ஒரே சட்டியில் பாஸ்தாவும் இறைச்சியும்’ என்பது பழகிய சங்கதி.

இத்தாலியக் கணக்கு வேறு: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, வெந்ததும் வடித்துக் கொட்டு. இந்தக் கணக்கை உரசிப் பார்த்தவர் சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ. 450 கிராம் பாஸ்தாவைச் சுமார் ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு, அடிக்கடி கிளறினாலே ஒழுங்காக வேகிறது என்று 2009இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 2013இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகை பாஸ்தா, தக்காளி, வெங்காயம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே தட்டையான சட்டியில் போட்டு வேகவைக்கும் குறிப்பை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பரவியது. தண்ணீர் குறைந்தால் பாஸ்தாவிலிருந்து கரையும் மாவுச்சத்து அடர்த்தியாகத் தங்கிவிடும். அது எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து, குழம்பை இழைமேல் ஒட்டவைக்கும். வடித்துக் கொட்டும்போது போவது இந்தச் சத்துத் தண்ணீர்தான். கஞ்சியின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாலு பேருக்கு 250 கிராம் ஸ்பகெட்டி, 300 கிராம் அரைத்த கோழி போதும். கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி; பாபாஸோ அடாபியோ, வீட்டில் இருப்பது. அதைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொண்டால் எண்ணெயில் கருகாது. வெங்காயம், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை வதங்கியதும் கோழியைப் போட்டு, அதன் நீர் சுண்டி ஓரங்கள் சிவக்கும்வரை விட வேண்டும். அவசரத்தில் பலரும் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். பிறகு கறி அவித்த வாடை அடிக்கிறது என்கிறார்கள். குழைத்த தூளை ஊற்றி எண்ணெய் பிரிந்ததும் இரண்டு தக்காளி, முக்கால் லிட்டர் தண்ணீர். ஸ்பகெட்டியை இரண்டாக ஒடித்துப் போடலாம், இத்தாலியர் யாரும் பக்கத்தில் இல்லாதவரை. முதல் மூன்று நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் ஒட்டாது. பிறகு மூடி வைத்து அவ்வப்போது திறந்து பார்த்தால் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். உப்பில்தான் கவனம் தேவை. வடிக்கும் முறையில் பெரும்பாலான உப்பு தொட்டிக்குப் போகும். இதில் போட்டதெல்லாம் வாய்க்கு வரும். கடைசியில் அரை கப் தேங்காய்ப்பால்.

கோழி என்பதற்கும் காரணம் இருக்கிறது. பல வீடுகளில் மாட்டிறைச்சி நுழையாது. ஆட்டிறைச்சியோ விலையும் அதிகம், வேகும் நேரமும் அதிகம். ஆனால் கோழியும் எப்போதும் மலிவாக இருந்ததில்லை. 2022 ஜூலையில் தீபகற்பத்தில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று அரசாங்கம் உச்ச விலை வைத்தது. 2023 நவம்பர் 1 முதல் அந்தக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் விலகின. இறைச்சி விலை ஏறும்போது மாவைச் சேர்த்து நீட்டுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அமெரிக்காவில் 1971இல் நாடு முழுக்க விற்பனைக்கு வந்த ஹாம்பர்கர் ஹெல்ப்பர் பெட்டி அரை கிலோவுக்கும் குறைவான மாட்டிறைச்சியை ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக ஆக்கித்தான் பேர் வாங்கியது. 300 கிராம் கோழியைத் தனியாகப் பிரட்டி வைத்தால் நாலு பேருக்குக் காணாது. ஸ்பகெட்டியில் கலந்துவிட்டால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மிஞ்சியது காலையில் இறுகிக் கிடக்கும். கால் கப் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் பள்ளிக்கூடத்து டப்பாவுக்கு ஆகும். புரட்டாசி வந்தால் கோழிக்குப் பதில் சோயா. முன்கூட்டியே ஊறவைத்துப் பிழியாத சோயா தண்ணீரை நிறையக் குடிக்கும். ஆகவே முக்கால் லிட்டரோடு இன்னும் ஒரு கப் சேர்த்துக்கொள்ள வேண்டும், கறித்தூளும் அரைக் கரண்டி கூட.